உலைச் சூடு, லாரி கேபின், செமன் டெஸ்ட்: சேலத்தில் ஒரு ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது? (விவாத இழை)

செவ்வாய்ப்பேட்டைவாசி (இழை தொடங்கியவர்)

கொலுசுப் பட்டறையில் உலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரும் வேலை. சேகோ (ஜவ்வரிசி) மில்லில் வறுவல் தட்டுக்கு எதிரே நிற்கும் வேலை. சங்ககிரி லாரிகளில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்காரும் வேலை. மூன்றிலும் சூடு படுவது இடுப்பிலும் தொடையிலும்தான்.

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் முதலில் மருமகளைத்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறோம். ஹார்மோன் டெஸ்ட், குழாய் அடைப்பு டெஸ்ட் எல்லாம் அவளுக்கு. மாதக்கணக்கு கழிந்த பிறகுதான் மகனுக்கு ஒரு செமன் டெஸ்ட், அதாவது விந்துப் பரிசோதனை. அதில் கவுண்ட் (ஒரு மில்லி விந்தில் உள்ள அணுக்கள்) 12 மில்லியன் என்று வந்துவிட்டால் அன்றைக்கே ஐவிஎஃப் (முட்டையையும் அணுவையும் ஆய்வகத்தில் சேர்ப்பது) பேச்சு, இல்லாவிட்டால் ஒரு பை நிறைய மாத்திரை. தாமதமாகும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அப்படியிருக்க, அந்தப் பக்கத்துக்கு நாம் கொடுப்பது ஒரே ஒரு காகிதம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. அந்தக் காகிதத்தை எவ்வளவு நம்பலாம்? சூடு உண்மையிலேயே கெடுக்கிறதா, கெடுத்தால் திரும்புமா? மாத்திரையால் பலன் உண்டா? சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே தொழில் தெரிந்தவர்கள் செய்முறையும் அளவும் சொல்லி எழுதுங்கள்.

---

நுண்ணோக்கி (ஆய்வக நுட்பர்)

காகிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். செமன் டெஸ்ட் அளவுக்கு, செய்யும் விதத்தைப் பொறுத்து முடிவு மாறுகிற டெஸ்ட் வேறு அதிகம் இல்லைங்க.

சாம்பிள் கொடுக்கும் முன் விந்து வெளியேறாமல் இருக்கும் இடைவெளி 2 முதல் 7 நாள். இரண்டாவது டெஸ்டுக்கும் அதே இடைவெளி வேண்டும். முதல் தடவை 2 நாள், அடுத்த தடவை 6 நாள் என்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது. சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையில் சேகரிக்கவே கூடாது. முதலில் வரும் சில துளிகளில்தான் அணுக்கள் மிக அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், வேறொரு நாள் திரும்பக் கொடுக்கலாம். சொல்லாமல் விட்டால் பொய்யான குறைவு பதிவாகும். பெயரைக் குப்பியின் உடம்பில் எழுத வேண்டும், மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிப்போகும்.

ஆய்வகத்தில் நடக்க வேண்டியது: அளவைப் பைப்பெட்டில் உறிஞ்சிப் பார்க்காமல், குப்பியை எடைபோட்டுக் கணக்கிடுவது. ஒரு கிராம் ஒரு மில்லி. பைப்பெட்டில் பார்த்தால் சுவரில் ஒட்டிய பங்கு தவறிப்போகும். சாம்பிள் நீர்த்துப்போகப் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் போதும். 60 நிமிடம் தாண்டியும் கட்டியாக இருந்தால் அதை ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும். 22-க்கு 22 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்கு 10 மைக்ரோலிட்டர் துளி வைத்தால் அடியில் சுமார் 20 மைக்ரான் ஆழம் கிடைக்கும், அணு தலையை ஆட்டி நீந்த அந்த இடம் வேண்டும். துளியைக் குறைத்தால் ஆரோக்கியமான அணுவும் நசுங்கி ஊர்வதுபோலத் தெரியும். மேடை 37 டிகிரியில் இருப்பது நல்லது. ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் பார்த்தால் வேகம் குறைந்துதான் தெரியும்.

எண்ணிக்கைக்கு மேம்படுத்திய நியூபார் கூண்டு, அதாவது கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி. இரண்டு தனித்தனித் துளிகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 அணு. ஏன் மொத்தம் 400? எண்ணிய எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை. 400 எண்ணினால் 20, அதாவது 5 சதவீதம். 100 எண்ணினால் 10 சதவீதம். 25 மட்டும் எண்ணிவிட்டுப் பெருக்கினால் 20 சதவீதம். 12 மில்லியன் என்று அச்சாகி வந்தது 9-ஆகவும் இருக்கலாம், 16-ஆகவும் இருக்கலாம்.

---

சேர்வராயன் (ஏற்காடு, கிராம சுகாதாரப் பணி)

மலையில் இதற்கு வசதி இல்லைங்க சார். வீட்டிலேயே எடுத்து பஸ்ஸில் அடிவாரம் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிலர் பாலுக்கு வைப்பதுபோல ஐஸ் போட்டுக் கொண்டுபோகிறார்கள். எவ்வளவு நேரம் தாங்கும்?

---

நுண்ணோக்கி

ஐஸ் கூடவே கூடாதுங்க. சாம்பிள் 20 டிகிரிக்குக் கீழேயும் 37-க்கு மேலேயும் போகக்கூடாது. மார்கழியில் ஏற்காட்டு வீட்டுத் திண்ணையே 20-க்கு நன்றாகக் கீழே இருக்கும். சித்திரையில் சேலத்தில் வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில் 40-ஐத் தாண்டும். இரண்டிலும் அணு அசைவு குறையும், ரிப்போர்ட்டில் அது நோய்போலப் பதிவாகும்.

கொடுத்த 30 நிமிடத்துக்குள் பார்க்க ஆரம்பிப்பது சரி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அஸ்தம்பட்டி நெரிசல் தாண்டி, டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் அந்த நேரம் போயே போய்விடும். மலையிலிருந்து வருபவர்கள் இறங்கி வந்து ஆய்வகத்திலேயே கொடுப்பதுதான் ஒழுங்கு. தனி அறை, உள்ளே தாழ்ப்பாள், கை கழுவ இடம் இருக்கிறதா என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சேலம் டவுனுக்குள்ளேயே வீடு என்றால் குப்பியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி எடுத்து வரலாம். கொடுத்த மணியைக் குப்பியில் எழுதுங்கள்.

---

குகைத்தறி

ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே "நார்மல்" என்று எண் போட்டிருக்கிறார்கள். ஒரு லேபில் 15 மில்லியன், இன்னொன்றில் 16, மூன்றாவதில் 20. எது சரி?

---

நுண்ணோக்கி

20 பழைய கணக்கு. 15 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2010 கையேடு, 16 என்பது 2021-ல் வந்த ஆறாம் பதிப்பு. புதியதில் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், அசைபவை 42 சதவீதம், முன்னேறி நீந்துபவை 30 சதவீதம், உயிருள்ளவை 54 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 12 நாடுகளில், மனைவி ஒரு வருடத்துக்குள் கருவுற்ற சுமார் 3,500 ஆண்களை அளந்தார்கள். அவர்களை வரிசைப்படுத்தி, அடியிலிருந்து நூற்றுக்கு ஐந்தாவது இடத்தில் கோடு போட்டார்கள். அந்தக் கோடுதான் 16. அதற்குக் கீழே இருந்த ஐந்து பேரும் அப்பாக்கள்தான். கோட்டுக்கு மேலே இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்றும் பொருள் இல்லை. ஆறாம் பதிப்பே இதைத் தகுதி, தகுதியின்மை என்று பிரிக்கும் கோடாக எடுக்காதீர்கள் என்கிறது.

அந்த 4 சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "96 சதவீதம் கோணல்" என்று படித்துவிட்டு வீட்டில் அழுகிறார்கள். கடுமையான அளவுகோலில் பார்த்தால் நல்ல அப்பாக்களுக்கும் பெரும்பாலான அணுக்கள் ஏதோ ஒரு குறையோடுதான் இருக்கும். மாறாக, சரியான வடிவம் 60, 70 சதவீதம் என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால் அங்கே இந்த அளவுகோலைப் பயன்படுத்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பொறி "பஸ் செல்ஸ்". உருண்டையான செல் எல்லாவற்றையும் சீழ் செல் என்று எழுதிவிட்டு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உருண்டை செல்களில் முதிராத விந்து செல்களும் உண்டு. பெராக்சிடேஸ் சாயம் போட்டால் வெள்ளணு மட்டும் நிறம் ஏறும். அதில் ஒரு மில்லிக்கு 1 மில்லியனைத் தாண்டினால்தான் வெள்ளணு அதிகம் என்று சொல்லலாம். சாயம் போடாமல் எழுதிய சீழ் செல்லை நம்பி மருந்து சாப்பிடுவது சரியில்லை.

---

அஸ்தம்பட்டி யூரோ (சிறுநீரகவியல் மருத்துவர்)

இப்போது சூட்டுக்கு வருகிறேன். விரை உடம்புக்கு வெளியே தொங்குவது காரணத்தோடுதான். அங்கே உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். உள்ளே போகும் தமனியைச் சுற்றி சிரைகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கின்றன, குளிர்ந்து திரும்பும் ரத்தம் சூடான ரத்தத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு தோற்றால் முதலில் பாதிக்கப்படுவது பாதி வளர்ந்த நிலையில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்.

சான்றுகள் சில. டென்மார்க்கில் 1992-ல் வெல்டர்களிடம் பார்த்தபோது கதிர்ச்சூட்டில் வேலை செய்த வாரங்களில் விந்தின் தரம் குறைந்தது, வேலையை நிறுத்தியதும் திரும்பியது. இத்தாலியில் 2013-ல் 10 ஆரோக்கியமான ஆண்கள் 80 முதல் 90 டிகிரி சானா (சூட்டு அறை) ஒன்றில் 15 நிமிடம், வாரம் இரண்டு முறை, மூன்று மாதம் இருந்தார்கள். கவுண்டும் அசைவும் விழுந்தன, நிறுத்திய ஆறு மாதத்தில் மீண்டன. மடியில் லேப்டாப் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விரைப்பையில் 2.6 முதல் 2.8 டிகிரி ஏறுவதை 2005-ல் அளந்தார்கள். பிரான்சில் காரோட்டிகளிடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியபின் 2 டிகிரியை ஒட்டி ஏற்றம் பதிவானது. அது சாதாரண கார். நம் லாரி கேபினில் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது.

இதைவிட வலுவான சான்று பிரான்சின் துலூஸ் நகரத்தில் கிடைத்தது. சூட்டையே கருத்தடையாக மாற்ற முயன்றார்கள். தனியாகத் தைத்த உள்ளாடையால் விரையை மேலே, உடம்போடு ஒட்டி ஒரு நாளைக்கு 15 மணி நேரம் வைத்தார்கள். ஏறிய சூடு வெறும் 2 டிகிரி. மூன்று மாதத்தில் கவுண்ட் ஒரு மில்லியனுக்கும் கீழே போனது. இறுக்கமான ஜட்டிக்கு மேல் இறுக்கமான ஜீன்ஸ் போட்டு உலைக்கு முன் உட்காருவது அதே திசையில்தான் வேலை செய்கிறது.

உள்ளாடை பற்றி ஹார்வர்டு குழு 2018-ல் 656 ஆண்களிடம் பார்த்தது. தளர்வான பாக்ஸர் அணிந்தவர்களுக்கு அடர்த்தி 25 சதவீதம் அதிகம். மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனும் அவர்களுக்கு 14 சதவீதம் குறைவாக இருந்தது. விரை திணறும்போது மூளை அந்த ஹார்மோனைக் கூட்டித் துரத்தும். குறைவாக இருப்பது விரை சிரமமில்லாமல் வேலை செய்வதற்கு அடையாளம்.

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள், அதன்பின் விரைக்கு மேலே சுருண்டு கிடக்கும் குழாயில் முதிர்ந்து வெளியேற ஒன்றிரண்டு வாரம். ஆக மூன்று மாதம். இன்றைய ரிப்போர்ட் மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் படம். டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு என்று கடும் காய்ச்சல் வந்தவருக்கு ஆறேழு வாரம் கழித்து டெஸ்ட் எடுத்தால் கவுண்ட் விழுந்து கிடக்கும். காய்ச்சல் எப்போது வந்தது என்று எந்த ஃபாரத்திலும் கேட்பதில்லை. நீங்களாகச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால் போதும்.

---

செவ்வாய்ப்பேட்டைவாசி

நல்லதுங்க டாக்டர். பட்டறையை மூட முடியாது, வேலையை விட முடியாது. அங்கேயே என்ன மாற்றலாம்?

---

பட்டறைப் பாதுகாப்பு (தொழிற்கூட சுகாதாரம்)

கதிர்ச்சூடு நேர்கோட்டில் வரும், மறைத்தால் நிற்கும். உலை வாய்க்கும் உட்காருபவரின் இடுப்புக்கும் நடுவே பளபளப்பான தகடு ஒன்றை நிறுத்துங்கள். அலுமினியத் தகடு நல்லது, கறுத்துப்போனால் தேய்க்க வேண்டும், கறுப்புத் தகடு சூட்டை வாங்கிப் பின்பக்கமாக விடும். தகட்டுக்கும் ஆளுக்கும் நடுவே காற்று போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சம்மணத்தைவிட முக்காலி மேல். சம்மணத்தில் தொடைகள் அழுத்தி, காற்றே போகாது. உலை வேலையையும் மெருகு வேலையையும் ஒரே ஆளுக்கு நாள் முழுக்கக் கொடுக்காமல் மணிக்கணக்கில் மாற்றிவிடலாம். லாரிக்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும், ரெக்சின் சீட்டின்மேல் மணிக்கோர்வை விரிப்பு போடுவதும், இன்ஜின் மூடியின் வெப்பத்தடுப்புப் பாய் கிழிந்திருந்தால் மாற்றுவதும் செலவு குறைந்த வேலைகள்.

ஆனால் பட்டறையில் சூடு மட்டுமா? உலோகமும் இருக்கிறது. "கேடிஎம்" நகை என்று சொல்லிப் பழகிவிட்டோம், அந்தப் பெயரே காட்மியத்திலிருந்து வந்தது. காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளி உருகவே 962 டிகிரி வேண்டும். காட்மியம் கலந்த பற்றாசின்மேல் ஊதுகுழல் ஜுவாலையைக் கொஞ்சம் அதிகம் பிடித்தாலும் புகை மூக்குக்குப் போகும். சிறுநீரகத்தில் சேர்ந்துவிட்டால் பத்து வருடங்களுக்கு மேல் தங்கும். விலங்குகளில், ரத்தத்தில் உள்ளது விரைக்குள் புகாமல் காக்கும் தடுப்பையே அது உடைக்கிறது. ஈயம் சேர்த்துப் புடம்போடும் இடங்களில் ஈயப்புகை. ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டும் தொழிலாளர்களிடம் விந்தின் தரம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

செய்ய வேண்டியது: காட்மியம் இல்லாத பற்றாசு கேட்டு வாங்குங்கள், ஜுவாலைக்குப் பக்கத்திலேயே புகை உறிஞ்சும் குழாய் வையுங்கள். கூரையில் சுற்றும் ஃபேன் புகையைப் பக்கத்து ஆளின் முகத்துக்குத் தள்ளிவிடும், வெளியேற்றாது. பட்டறையில் டீ, பீடி, சாப்பாடு வேண்டாம். வேலை உடுப்பை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஈயத்தூள் துணியில் ஒட்டி வீட்டுக் குழந்தைக்குப் போகிறது, அதற்குத்தான் கேடு இன்னும் அதிகம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பட்டறைக்காரர், செமன் டெஸ்டோடு ரத்தத்தில் ஈய அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம்.

---

மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்)

மாத்திரை பற்றி யாரும் தொடவில்லை. துத்தநாகம், ஃபோலிக் அமிலம், கோ-கியூ10, லைகோபீன், கார்னிடீன் எல்லாம் கலந்து மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பெட்டிகள் இருக்கின்றன.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்லின? அமெரிக்காவில் 2,370 தம்பதிகள், ஆண்களுக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் ஆறு மாதம். 2020-ல் வந்த முடிவு: மருந்து சாப்பிட்டவர்கள் பக்கம் குழந்தைப்பேறு 34 சதவீதம், வெற்று மாத்திரை பக்கம் 35 சதவீதம். வித்தியாசம் இல்லை. விந்தணுவின் டிஎன்ஏ முறிவு மருந்துப் பக்கம் சற்று அதிகமாகவே இருந்தது, வயிற்றுத் தொல்லையும் அதிகம். அதே 2020-ல் பல ஆன்டிஆக்ஸிடன்ட்களைக் கலந்து கொடுத்த இன்னொரு ஆய்விலும் முன்னேற்றம் தெரியவில்லை. உணவில் பற்றாக்குறை உள்ளவருக்கு அதை நிரப்புவது வேறு விஷயம். எல்லோருக்கும் எழுதித் தருவதற்கு ஆதாரம் இல்லை.

இதைவிடப் பல மடங்கு ஆபத்தானது ஜிம் ஊசி. டெஸ்டோஸ்டிரோன் போட்டால் ஆண்மை கூடும், குழந்தையும் சீக்கிரம் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நேர் எதிர். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, விரையை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும், விரைக்குள் உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதையே கருத்தடையாகச் சோதித்தது: வாரம் 200 மில்லிகிராம் ஊசி, ஆறு மாதத்துக்குள் சுமார் 65 சதவீதம் பேருக்கு அணுவே இல்லை. நிறுத்தியபின் 20 மில்லியனுக்குத் திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடத்தில் 90 சதவீதம். மீதிப் பேருக்கு இரண்டு வருடம் வரை. குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு "சோர்வு, டெஸ்டோஸ்டிரோன் குறைவு" என்று யாராவது இந்த ஊசியையோ ஜெல்லையோ எழுதித் தந்தால், திரும்பப் போய்க் கேளுங்கள்.

---

அஸ்தம்பட்டி யூரோ

மருந்துச்சீட்டு சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஊசி போட்டதை டாக்டரிடம் மறைப்பவர்கள் அதிகம். மறைத்தால் தேவையில்லாத பரிசோதனைகளுக்குப் போய் நிற்பீர்கள்.

ரிப்போர்ட் குறைவாக வந்த ஆணைத் தொட்டுப் பார்க்காமலே ஐவிஎஃப்புக்கு அனுப்புவது இன்னொரு குறை. நிற்கவைத்து, குளிரில்லாத அறையில், மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பார்த்தால் வெரிகோசீல் (விரைப்பைச் சிரைகள் வீங்கிப் புடைப்பது) கைக்குத் தெரியும். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, குழந்தை தாமதமாகும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம். பெரும்பாலும் இடப்பக்கம், ஏனென்றால் இடது சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறது. வலப்பக்கம் மட்டும் திடீரென்று வந்தால் வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும், உள்ளே கட்டி அழுத்தலாம். கைக்குத் தெரியும் வெரிகோசீல், கூடவே விந்துக் குறைவு இருந்தால் நுண்ணறுவை நல்ல பலன் தரும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் டெஸ்ட். ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்குத் தெரியாததற்கு அறுவை வேண்டாம். இதைச் சேலத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

---

கருவியல் மேசை (கருவியலாளர்)

டாக்டர் சார், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். "மூன்று மாதம் பொறு, ஆறு மாதம் பொறு" என்பது மனைவிக்கு 26 வயது என்றால் சரி. 38 வயது என்றால் அந்த ஆறு மாதம் முட்டையின் கணக்கிலிருந்து போகிறது. 35-க்குக் கீழே ஒரு வருடம் முயன்ற பின், 35-க்கு மேலே ஆறு மாதத்திலேயே, 40-க்கு மேலே உடனே இருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. ஆண் பக்கச் சிகிச்சை நடக்கும்போதே பெண் பக்கத்தில் ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), குழாய் டெஸ்ட் முடிந்துவிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் காலம் கரையும்.

---

அஸ்தம்பட்டி யூரோ

ஒப்புக்கொள்கிறேன் மேடம். 38 வயதில் வெரிகோசீல் அறுவைக்காக ஐவிஎஃப்பைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். உலைக்கு முன் தகடு வைப்பதும் ஜட்டியை மாற்றுவதும் எந்த வயதிலும் சேர்ந்தே செய்யலாம்.

---

குகைத்தறி

உலகம் முழுக்க ஆண்களின் கவுண்ட் பாதியாகிவிட்டது என்று சொல்கிறார்களே, அது உண்மையா? கூடவே இன்னொன்று. அணுவே இல்லை என்று வந்தால் கதை முடிந்ததா?

---

கருவியல் மேசை

முதல் கேள்வி. 2022-ல் வந்த தொகுப்பாய்வு 1973 முதல் 2018 வரை அடர்த்தி 101 மில்லியனிலிருந்து 49 மில்லியனுக்கு இறங்கியதாகக் கணக்கிட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காவும் அதில் சேர்ந்தன. ஆட்சேபிப்பவர்களின் வாதம் நியாயமானது: 1970-களில் எண்ணிய முறை வேறு, சாம்பிள் கொடுக்க வந்தவர்களும் வேறு. மேலே நுண்ணோக்கி எழுதிய எண்ணும் பிழையை நினைத்துப் பாருங்கள், அது 50 வருடத்துக்கும் பொருந்தும். இறக்கம் இருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. அதன் அளவில் சண்டை ஓயவில்லை.

இரண்டாவது கேள்விக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். "அணு இல்லை" என்று எழுதும் முன் சாம்பிளை 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி அடிவண்டலை முழுக்கப் பார்க்க வேண்டும். ஒரு துளியைப் பார்த்துவிட்டு எழுதியது செல்லாது. இரண்டு சாம்பிளிலும் இல்லை என்றால் அடுத்து காரணம். அளவு குறைவு, பிஹெச்சும் 7.2-க்குக் கீழே என்றால் வழியில் அடைப்பு, அல்லது பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லை. அங்கே உற்பத்தி நன்றாக இருக்கும், விரையிலிருந்து ஊசியால் எடுத்து இக்சி (ஒரே அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது) செய்யலாம். அளவு சரி, எஃப்எஸ்ஹெச் அதிகம், விரை சிறிது என்றால் உற்பத்திக் குறைவு. அப்போது காரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்ட்), ஒய் குரோமோசோம் விடுபாடு இரண்டும் பார்க்க வேண்டும். ஒய்யில் விந்து உற்பத்திக்கான ஏஇசட்எஃப் பகுதிகளில் ஏ அல்லது பி முழுக்க விடுபட்டிருந்தால் விரையைத் திறந்து தேடிப் பயனில்லை, தேடவும் கூடாது. சி மட்டும் என்றால் ஏறத்தாழ பாதிப் பேரிடம் கிடைக்கிறது, ஆனால் மகன் பிறந்தால் அவனுக்கும் அது போகும். அதைத் தம்பதியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 47 எக்ஸ்எக்ஸ்ஒய் (ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல்) உள்ளவர்களிலும் நுண்ணோக்கியின் கீழ் விரையைத் தேடும் முறையில் பாதிக்கு அருகில் கிடைக்கிறது.

பிட்யூட்டரி கோளாறால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டுமே குறைந்தவர்கள் தனி வகை. எல்ஹெச்சின் வேலையைச் செய்யும் ஹெச்சிஜி ஊசி, சில மாதம் கழித்து எஃப்எஸ்ஹெச் சேர்த்து, ஒன்று முதல் இரண்டு வருடம் பொறுமையாகப் போட்டால் பலருக்கு அணு வரும். மருந்தால் திருத்தக்கூடிய காரணம் இது, தவறவிடக்கூடாது.

புதிது என்று சொல்ல: கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2025-ல் ஒரு கருவியைப் பற்றி எழுதியது. மெல்லிய கால்வாய்கள் கொண்ட சில்லில் சாம்பிள் ஓட, கேமரா இரண்டு மணி நேரத்தில் 25 லட்சம் படம் எடுக்கிறது, செயற்கை நுண்ணறிவு அணுவைக் கண்டுபிடிக்கிறது, எந்திரக் கை உடனே அதைப் பிரிக்கிறது. ஒரு சாம்பிளில் இரண்டு அணு கிடைத்தது, அதிலிருந்து கர்ப்பமும் உண்டானது. ஒரே ஒரு தம்பதியின் முடிவு அது. அமெரிக்காவின் ஓரிகனில் அதே 2025-ல் தோல் செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைத்து, குரோமோசோமைப் பாதியாகக் குறைக்க வைத்தார்கள். அப்படி 82 முட்டை, கருவுற்றவற்றில் சுமார் 9 சதவீதம்தான் ஆறாம் நாள் நிலைவரை வளர்ந்தன, குரோமோசோம் பிழைகளோடு. எலியில் 2023-லேயே இரண்டு ஆண்களின் செல்லிலிருந்து குட்டி பிறந்தது. மனிதருக்கு இது இன்னும் சிகிச்சை அல்ல. "ஸ்டெம் செல் போட்டு அணு வரவைக்கிறோம்" என்று இன்றைக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

---

நுண்ணோக்கி

டிஎன்ஏ முறிவு டெஸ்ட் பற்றியும் சேருங்கள் மேடம். எல்லோருக்கும் எழுதுகிறார்கள்.

---

கருவியல் மேசை

முதல் சந்திப்பிலேயே வேண்டாம். திரும்பத் திரும்பக் கரு கலைந்தால் பார்க்கலாம். ஒளிவட்ட முறையில் டிஎன்ஏ நல்ல அணுவைச் சுற்றி வட்டம் விரியும், முறிந்ததற்கு வட்டம் இருக்காது அல்லது சிறிதாக இருக்கும். நீண்ட இடைவெளி விட்டுக் கொடுத்த சாம்பிளில் முறிவு அதிகம் காட்டும்.

இக்சி பற்றியும் ஒரு வரி. ஆண் பக்கம் சரியாக இருக்கும்போது இக்சியால் லாபம் இல்லை. வியட்நாமில் 1,064 தம்பதிகளிடம் 2021-ல் பார்த்தார்கள்: இக்சியில் குழந்தைப்பேறு 35 சதவீதம், சாதாரண ஐவிஎஃப்பில் 31, புள்ளியியலில் வித்தியாசம் இல்லை. பில்லில் இக்சி இருந்தால் ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை. மையம் 2021 சட்டப்படி பதிவு பெற்றதா, எந்த நிலையில் பதிவு என்றும் கேளுங்கள். முதல் நிலைப் பதிவு ஐயூஐக்கு (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) மட்டும்தான், ஐவிஎஃப் செய்ய இரண்டாம் நிலை வேண்டும்.

---

சேர்வராயன்

ஒன்று பாக்கி. கார்த்திகையில் மாலை போட்டு 48 நாள் விரதம் இருக்கிறார்கள். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். மனைவி ஊரில் இல்லாத சமயம்தான் டெஸ்ட் எடுக்கத் தோதாக இருக்கிறது என்று அப்போது வருகிறார்கள். அந்த ரிப்போர்ட் செல்லுமா?

---

நுண்ணோக்கி

செல்லாதுங்க. ஒரு மாதத்துக்கு மேல் தேங்கிய சாம்பிளில் அளவும் எண்ணிக்கையும் அதிகமாகக் காட்டும், அசைவு குறையும், செத்த அணு கூடும். கவுண்ட் நன்றாக இருக்கிறது என்று தப்பான நிம்மதியும் வரும், அசைவு கெட்டுவிட்டது என்று தப்பான பயமும் வரும். மாலை கழற்றி, இரண்டு வாரம் வழக்கமான தாம்பத்தியம் ஆனபின், கடைசித் தடவையிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது நாள் வாருங்கள். இடைவெளி எத்தனை நாள், கொடுத்த நேரம், பார்த்த நேரம் மூன்றும் ரிப்போர்ட்டின் தலையில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவுண்ட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ரிப்போர்ட் குறைவு என்றால் குறைந்தது ஒரு மாத இடைவெளியில், முடிந்தவரை அதே ஆய்வகத்தில் இன்னொன்று எடுத்து, இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.